காணியில் ஈரநிலம் எங்கே முடிகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நுவரெலியா பக்கம் எங்களுக்கு 40 பேர்ச்சஸ் (கால் ஏக்கர்) காணி இருக்கிறது, கீழ்ப்பாதி ஓடையை ஒட்டியது, அங்கே கோரையும் வல்லாரையும் மண்டிக் கிடக்கின்றன. போன வாரம் மண்வெட்டியால் ஓர் அடி தோண்டிப் பார்த்தேன்: சாம்பல் நிற மண், நடுவே துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள், கூழ்முட்டை வாடை. தண்ணீர் நெடுநாள் தேங்கிய மண் அப்படித்தான் இருக்கும், சரி. ஆனால் மேலே ஏற ஏறப் புல் மாறிவிடுகிறது, மண் மட்டும் இன்னும் சாம்பலாகவே இருக்கிறது, அப்போ எல்லையைப் புல்லை வைத்துக் குறிப்பதா, மண்ணை வைத்தா? அங்கே ஊறும் தண்ணீரைத்தான் கீழ் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் குடிக்கிறார்கள், ஈரநிலத்தில் ஒரு முழம்கூட மண் போட்டு மூட எனக்கு மனமில்லை. சேவெயர் காணி எல்லையை மட்டும்தான் அளந்து தந்தார். ஈரநில எல்லையில் குச்சி நட்டுக் கொடி கட்ட மழைக்காலம் நல்லதா, வெயில் காலமா? செய்து பழகியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.