பேபி, சனிக்கிழமை ராத்திரி ஏழு மணி

திவ்யா: பெரியப்பாவோட எண்பதாம் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மொட்டை மாடில படம் போடுறது உறுதியா? எந்தப் படம்னு இன்னிக்கே சொல்லுங்க. தமிழ் சப்டைட்டில் நான்தான் சரிபார்க்கணும்

சீனு மாமா: பிரிங்கிங் அப் பேபி. 1938. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ, ஹோவர்ட் ஹாக்ஸ் டைரக்‌ஷன், 102 நிமிஷம். ஹீரோ கேரி கிராண்ட், அத்தானுக்கு அவர்னா உயிர்

பேபி அத்தை: என் பேரை எதுக்குடா இழுக்கிற

சீனு மாமா: படத்தோட பேருக்கா. அதுல பேபிங்கிறது ஒரு சிறுத்தை

குமார் சித்தப்பா: பொருத்தம்

பேபி அத்தை: குமாரு, அம்மாவோட குத்துவிளக்கு யார் வீட்ல இருக்குன்னு இங்க எழுதட்டுமா

ரகு: ஆரம்பிச்சாச்சு

செல்வி அக்கா: சமையல்காரர் கேக்குறார். சனிக்கிழமை ராத்திரி இட்லியா இடியாப்பமா?

குமார் சித்தப்பா: மச்சான், அதுல ஒரு நாய் வருமே. தின் மேன் படத்துலயும் வரும். ரெண்டும் ஒரே கம்பெனிதானே

சீனு மாமா: நாய்தான் ஒண்ணு, கம்பெனி மூணு. நாய் பேரு ஸ்கிப்பி. 1934ல தின் மேன், எம்.ஜி.எம்.ல ஆஸ்டா. 1937ல தி ஆஃபுல் ட்ரூத், கொலம்பியால மிஸ்டர் ஸ்மித். ஆர்.கே.ஓ.ல வந்து ஜார்ஜ் ஆயிடுச்சு. டைனோசர் எலும்பைத் தூக்கிட்டுப் போய்ப் புதைக்கிறது இதுதான். கிராண்டும் அப்படித்தான், 1937ல கொலம்பியாவுக்கும் ஆர்.கே.ஓ.வுக்கும் பொதுவா ஒப்பந்தம் போட்டுக்கிட்டார். ஒரே கம்பெனி சம்பளக்காரரா இல்ல. அதனாலதான் அந்த ஜெயில் சீன் ஜோக்கே. ஹீரோயின் ஹெப்பர்ன் கொள்ளைக்காரி மாதிரி பேசி கிராண்டை ஜெர்ரி தி நிப்பர்னு கூப்பிடுவா. அது ஆஃபுல் ட்ரூத்ல ஹீரோயின் ஐரீன் டன் அவருக்கு வெச்ச பேரு. அடுத்த கம்பெனி படத்து ஜோக்கை இங்க வந்து அடிக்கிறாங்க. சப்டைட்டில்ல இந்தப் பேரை மட்டும் மொழிபெயர்த்துடாதே திவ்யா, அப்படியே விடு

ரகு: நாய்க்கு மூணு வேலை. எனக்கு ஒண்ணு கிடைக்கல

செல்வி அக்கா: இட்லியா இடியாப்பமா

குமார் சித்தப்பா: இடியாப்பம்

பேபி அத்தை: இட்லி

திவ்யா: மாமா ஒரு பிரச்சனை. சப்டைட்டில் ஆரம்பத்துல சரியா வருது. போகப் போக பின்தங்குது. கடைசில நாலு நிமிஷம் லேட்

சீனு மாமா: உன் ஃபைல் 98 நிமிஷமா?

திவ்யா: ஆமா! எதையாவது வெட்டிட்டாங்களா

சீனு மாமா: வெட்டல. செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல ஓடுற ஐரோப்பா டிவி பிரதி. படம் வேகமா ஓடுது, குரல் கூட லேசா கீச்சுனு இருக்கும். சப்டைட்டில் செகண்டுக்கு 23.976 ஃப்ரேமுக்கு எழுதினது. மொத்தமா முன்னாடி நகர்த்தினா சரியாகாது, ஆரம்பம் கெட்டுடும். எடிட்டர்ல ஃப்ரேம் ரேட் மாத்துற இடத்துல 23.976லேர்ந்து 25னு குடு. தோராயமா 0.96ஆல பெருக்காதே, கடைசில ஆறு செகண்ட் தள்ளும். இந்தப் படத்துல ஆறு செகண்ட்ல நாலு வசனம் போயிடும். அப்புறம் யு.டி.எஃப்-8ங்கிற எழுத்து முறைல சேவ் பண்ணி, எழுத்தைப் படத்தோடயே பதிஞ்சிடு. சில ப்ரொஜெக்டர்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமாத்தான் வரும்

ரகு: திரைக்கு வெள்ளை பெட்ஷீட் போதுமா? எங்க வீட்டுது 8 அடிக்கு 6 அடி

சீனு மாமா: தாராளம். படம் அகலம் 1.37க்கு உயரம் 1, கிட்டத்தட்ட சதுரம். ப்ரொஜெக்டர் 16:9. அகலத்தைத் துணிக்குள்ள அடக்கினா உயரம் நாலரை அடிதான், படம் ஆறு அடி அகலத்துல சுருங்கிடும். அதனால உயரத்தை 5 அடி 10 அங்குலத்துக்கு வை. ரெண்டு பக்கமும் துணிக்கு வெளில வழியும், அது கறுப்புப் பட்டைதான், வழியட்டும். ஜூம்ல மட்டும் யாரும் கை வைக்காதீங்க, தலையும் காலும் போயிடும். ஓட்டல் சீன்ல ஹெப்பர்னோட கவுன் பின்னாடி கிழிஞ்சு, கிராண்ட் ஒட்டிக்கிட்டே காலோட கால் வெச்சு நடப்பார். கால் தெரியலேன்னா அதுல சிரிக்க ஒண்ணுமில்ல

பேபி அத்தை: என்னடா படம் இது

சீனு மாமா: ஸ்பீக்கர் ப்ளூடூத் வேண்டாம். உதடும் சத்தமும் ஒட்டாது. ஒயர் போடு. மோனோதான், ஒரு ஸ்பீக்கர் நடுவுல போதும். பிற்பாதி முழுக்க ராத்திரிக் காடு, மாடி ட்யூப்லைட் அணைக்கலேன்னா சாம்பலாத்தான் தெரியும்

குமார் சித்தப்பா: போன விசேஷத்துல ஸ்பீக்கர் கொண்டு வரேன்னு சொன்னவர் யாரோ

ரகு: சித்தப்பா வேண்டாம்

பேபி அத்தை: சிறுத்தை நிஜமா?

சீனு மாமா: நிஜம்கா. பேரு நிஸ்ஸா. சாதுவும் முரடும்னு கதையில ரெண்டு சிறுத்தை, நடிச்சது ஒண்ணுதான். ஹெப்பர்ன் பக்கத்துலயே நின்னா. கிராண்ட் கிட்டயே போகல. ரெண்டு பேரையும் ஒரே ஃப்ரேம்ல காட்ட, கேமராவை அசையாம வெச்சு ஆளைத் தனியா சிறுத்தையைத் தனியா எடுத்து, ஃபிலிமை மறுபடி ஃபிலிம்ல பிரதி எடுக்கிற ஆப்டிகல் ப்ரின்டர்ல பாதி பாதியா ஒட்டினாங்க. கயிறு பிடிச்சு நடக்கிற இடத்துலதான் வம்பு, ஒட்டுக்கோடும் கூடவே நகரணும். செஞ்சது லின்வுட் டன், கிங் காங்ல வேலை பார்த்தவர், அப்புறம் சிட்டிசன் கேன். ரெண்டாவது தடவை பிரதி எடுக்கிறதால அந்த ஷாட் மட்டும் கொஞ்சம் மணல் தூவின மாதிரி இருக்கும். உத்துப் பாருங்க

குமார் சித்தப்பா: ஆனா படம் ஓடலையே

சீனு மாமா: அப்போ ஓடல. அதே 1938ல தியேட்டர்காரங்க சங்கம் ஹெப்பர்னை பாக்ஸ் ஆபீஸ் விஷம்னு விளம்பரமே குடுத்தாங்க. ஆர்.கே.ஓ. குடுத்த அடுத்த படம் பிடிக்காம, காசு கட்டி ஒப்பந்தத்தை முடிச்சுக்கிட்டுப் போனா. ஹாலிடேன்னு கொலம்பியா படம், அதுலயும் கிராண்ட்

பேபி அத்தை: பேபின்னு பேர் வெச்சா நஷ்டம்னு சொல்ல வரியா

செல்வி அக்கா: சமையல்காரர் லைன்ல இருக்கார்

திவ்யா: சரி, இதே படம்தானே? பெரியப்பாவுக்குத் தெரியாம சர்ப்ரைஸா வெச்சுப்போம்

ரகு: திவ்யா, அவர் இந்த குரூப்லதான் இருக்கார்

பெரியப்பா: படிச்சேன்

பெரியப்பா: ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே கிடைக்காதா. அதுவும் ஹாக்ஸ், அதுவும் கிராண்ட். 92 நிமிஷம்

சீனு மாமா: அத்தான் அது கொலம்பியா 1940. வசனம் இன்னும் வேகம். ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள அடுத்தவர் ஆரம்பிப்பார், சப்டைட்டில் ரெண்டு வரில அடங்காது

பெரியப்பா: எனக்குப் படிக்க வேண்டாமே

பேபி அத்தை: எங்களுக்கு வேணும் அண்ணா

திவ்யா: அப்போ நான் எதை சரிபார்க்கணும்

குமார் சித்தப்பா: ரெண்டையும்

ரகு: பெட்ஷீட் இஸ்திரி போடணுமா மாமா

சீனு மாமா: போடு. சுருக்கம் இருந்தா எல்லார் மூஞ்சியும் கோணும்

செல்வி அக்கா: இடியாப்பம் 60 பேருக்குச் சொல்லிட்டேன். இட்லி வேணும்கிறவங்க தனியா மெசேஜ் பண்ணுங்க

பேபி அத்தை: இட்லி