தங்கச்சி சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குறா, என்ன பண்றது?

காட்பாடி அக்கா:
தங்கச்சிக்கு 19 வயசு. பகல்லாம் பட்டினி, ராத்திரி எல்லாரும் தூங்கினதும் கைக்கு கிடைச்சதெல்லாம் சாப்பிட்டுட்டு பாத்ரூம்ல போய் வாந்தி எடுக்குறா. அம்மா திட்டுறாங்க, அத்தை வந்தா "இளைச்சு அழகாயிட்டே"ன்றாங்க. பயமா இருக்கு.

சத்துவாச்சாரி அண்ணன்:
முதல்ல பொட்டாசியம் டெஸ்ட் எடுங்கம்மா, அடிக்கடி வாந்தி எடுத்தா அது குறைஞ்சு இதயத் துடிப்பையே பாதிக்கும். வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையம் இருக்கு, அங்க அட்மிட் பண்ணா வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும், அம்மா தங்கினா இது திமிர் இல்ல வியாதின்னு அவங்களுக்கும் புரியும். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

ஆரணி பொண்ணு:
எனக்கும் இருந்துச்சு அக்கா. டென்ஷன தாங்க எனக்கு தெரிஞ்ச ஒரே வழி அதான், திட்டினா இன்னும் ஒளிஞ்சு பண்ணுவேன். ரூம்மேட் ஒண்ணும் கேக்காம மூணு வேளையும் கூட உக்காந்து சாப்பிடுவா, முடிச்சதும் ஹாஸ்டல் மாடில பேசிக்கிட்டே நடப்போம், அந்த அரை மணி நேரம் தாண்டிட்டா வாந்தி எடுக்கணும்ன்ற வெறி கொஞ்சம் அடங்கிடும். டாக்டரும் பார்த்தேன், ரெண்டும் வேணும். உடம்ப பத்தி மட்டும் யாரும் பேசாதீங்க, நல்லதா கூட.

காட்பாடி அக்கா:
அத்தைகிட்ட இன்னைக்கே பேசுறேன். ராத்திரி அவகூட நானும் முழிச்சிருக்கேன்.