பெரிய தோட்டம் குடும்பக் குழு: அப்பாரு திதியும் ஆறடிக் கிண்ணமும்

சிகாகோ தம்பி: அனைவருக்கும் வணக்கம். அப்பாருவின் முதலாண்டுத் திதிக்கு இன்னும் இருபத்து மூன்று நாட்களே இருக்கின்றன. அவர் விடியற்காலையில் உட்கார்ந்திருந்த கிணற்றடியில், ஆறடி அகலத்தில், உட்புறம் கண்ணாடி போல் மெருகேற்றிய எஃகுக் கிண்ணம் ஒன்றை அவர் நினைவாக வைக்க விரும்புகிறேன். தியானத்தில் மனம் தன்னைத் தானே பார்ப்பது போல, அதன் முன் அமர்பவர் தன்னைப் பார்ப்பார். சிற்பியிடம் பேசிவிட்டேன். வரைபடம் அனுப்பியிருக்கிறேன்.

வேலந்தாவளம் அத்தை: படம் திறக்கவில்லை.

கோவை சித்தப்பா: விலையைச் சொல்லவில்லையே, மகனே.

சித்தி: மாமா அங்கே தியானம் செய்யவில்லை. மோட்டாருக்குக் கரண்ட் வரக் காத்திருந்தார்.

பெரியப்பா: அவர் எதற்குக் காத்திருந்தார் என்பதை அவரே சொன்னதில்லை. தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். கரண்ட் வந்த பிறகும் அரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

சிகாகோ தம்பி: அதைத்தான் சொல்கிறேன், பெரியப்பா. இங்கே மில்லேனியம் பூங்காவில் சிற்பி அனிஷ் கபூர் செய்த கிளவுட் கேட் என்ற சிற்பம் இருக்கிறது. 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, ஒட்டிய தடமே தெரியாமல் தேய்த்திருக்கிறார்கள். ஊரும் வானமும் அதில் வளைந்து தெரியும். ஆனால் அது வெளிப்பக்கம் குவிந்தது. அவரே 2001-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆறு மீட்டர் அகலத்தில் வைத்த வானக் கண்ணாடி குழிவானது. நான் கேட்பது அந்த வகை.

பெரியப்பா: அப்படியானால் அது குழியாடி. பத்தாம் வகுப்புக்கு முப்பது ஆண்டுகள் நான் நடத்திய பாடம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆறடி அகல அரைக்கோளத்தின் ஆரம் மூன்றடி. குவியத் தொலைவு அதில் பாதி, அதாவது ஒன்றரை அடி. அதற்கு அப்பால் இருந்து பார்த்தால் முகம் தலைகீழாகத் தெரியும். அதற்குள் போனால் நிமிர்ந்து, பெரிதாகத் தெரியும். சரியாக ஒன்றரை அடியில் முகம் என்று ஒன்றும் இராது, நிறம் மட்டும் கலங்கி விரியும்.

சிகாகோ தம்பி: அந்த இடம்தான் தியானம், பெரியப்பா!

கோவை சித்தப்பா: கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு இலவசமாகவே அப்படித்தான் தெரிகிறது.

பெரியப்பா: குறுக்கே பேசாதே, தம்பி. வானம் பார்த்த கிண்ணமாக வைத்தால், பங்குனி மாத நண்பகலில் சூரிய ஒளி அந்த ஒன்றரை அடி உயரத்தை ஒட்டித் திரளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காய்ந்த தென்னம்பாளை ஒன்று அங்கே விழுந்து சிக்கினால் புகையத் தொடங்கிவிடும். லண்டனில் 2013-இல் ஒரு கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு, தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. நம் கிணற்றடியில் பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள்.

வேலந்தாவளம் அத்தை: வேண்டவே வேண்டாம்.

நாகர்கோவில் அக்கா: யோசனையைத் தள்ளிவிடாதீர்கள், அப்பா. இங்கே சுவாமித்தோப்பு அய்யாவழிப் பதியில் கண்ணாடியைப் பார்த்துத்தான் வணங்குகிறோம். உங்கள் கேரளத்திலும் களவங்கோட்டில் நாராயண குரு 1927-இல் கண்ணாடியைத்தானே நிறுவினார்?

பெரியப்பா: அவை சமதளக் கண்ணாடிகள், கண்ணு. பார்ப்பவனை உள்ளபடி காட்டும். சமதளமே வேண்டுமென்றால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் போதும். எந்த வளைவுக்குள் ஊற்றினாலும் தண்ணீரின் முகம் மட்டமாகத்தான் நிற்கும். அப்பா பார்த்ததும் அதைத்தான்.

நான்: அதற்கு எஃகு எதற்கு? அப்பத்தாவின் அகன்ற வெண்கலப் பாத்திரம், அந்த வார்ப்பு இருக்கிறதே. நான்கடி இருக்கும்.

கோவை சித்தப்பா: அந்த வார்ப்பு எப்படி வேலந்தாவளம் போனது என்பதை இன்று கிளற வேண்டாம்.

வேலந்தாவளம் அத்தை: கிளறுவது நீதான். அம்மா தன் கையால் எனக்குக் கொடுத்தது. நீ பங்கு கேட்ட தென்னந்தோப்பைப் பற்றி நான் வாய் திறந்தேனா?

பெரியப்பா: அம்மிணி, பொறு. இப்போது அது எங்கே இருக்கிறது?

வேலந்தாவளம் அத்தை: மாட்டுக் கொட்டகையில். பருத்திக்கொட்டை கலக்குகிறோம்.

சித்தி: சிவ சிவா.

வேலந்தாவளம் அத்தை: திதிக்குத் தருகிறேன். திருப்பித் தர வேண்டும்.

சிகாகோ தம்பி: அத்தை, அது பாத்திரம், நான் சொல்வது சிற்பம்.

பெரியப்பா: செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி அச்சில் வார்த்தவனும் சிற்பிதான். கேரளத்தின் உலோகக் கண்ணாடியான ஆரன்முளைக் கண்ணாடியும் அதே இரண்டு உலோகங்களின் கலவைதான், வெள்ளீயம் கூடுதல், அவ்வளவே. மேலும் ஒரு செய்தி. தண்ணீர் நேர்மேலிருந்து விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அடிப்பக்கம் பளபளத்தால் அந்த வெளிச்சத்தில் இந்த இரண்டு பங்கு அமுங்கிவிடும். அடி கறுத்திருந்தால்தான் வானம் தெளிவாக விழும். பாசி படிந்த நம் தொட்டியில் விடிவெள்ளிகூடத் தெரிந்தது அதனால்தான்.

நாகர்கோவில் அக்கா: தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் சுகாதாரப் பணிக்கு வரும் ஆஷா அக்கா கொசு என்று சண்டைக்கு வருவாரே, அப்பா?

பெரியப்பா: கப்பி மீன் நான்கு விட்டால் புழுவைத் தின்றுவிடும்.

சிகாகோ தம்பி: மீன் துள்ளினால் பிம்பம் கலையும்.

சித்தி: தொட்டியில் மாமாவுக்குத் தவளை துள்ளியது.

கோவை சித்தப்பா: சரி, வார்ப்பு. எஃகுக் கிண்ணத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

சிகாகோ தம்பி: முன்பணம் கொடுத்துவிட்டேன், அப்பா.

கோவை சித்தப்பா: எவ்வளவு?

கோவை சித்தப்பா: எவ்வளவு என்று கேட்டேன்.

பெரியப்பா: அதை நீங்கள் தனியே பேசிக்கொள்ளுங்கள். அம்மிணி, வார்ப்பின் உட்புறத்தைத் தேய்க்காமல் அந்தக் கறுப்போடு அப்படியே கொடுத்தனுப்பு.

வேலந்தாவளம் அத்தை: கொட்டகையில் கிடந்ததை எப்படி அப்படியே தருவது? நீங்கள் பாடம் நடத்திய நேரத்தில் புளியும் சாம்பலும் போட்டுப் பாதி தேய்த்தாகிவிட்டது.

பெரியப்பா: எந்தப் பாதி?

வேலந்தாவளம் அத்தை: உள்பக்கம். என் மூக்குத்தி தெரிகிறது, தலைகீழாக.

சிகாகோ தம்பி: நான் கேட்ட கிண்ணம் கிடைத்துவிட்டது!

நான்: மாமரத்து நிழலில் வைத்தால் வெயில் விழாது அல்லவா, பெரியப்பா?

பெரியப்பா: நிழலில் வைத்தால் வானமும் விழாது.

வேலந்தாவளம் அத்தை: வண்டி யார் அனுப்புகிறீர்கள்? நான்கு ஆள் இல்லாமல் அசையாது.