300 ஓம் ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் தேவையா?

நண்பர்களே, ஒரு குழப்பம். என் 300 ஓம் மின்மறிப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) உள்ள ஹெட்போனை மடிக்கணினியில் நேரடியாகச் செருகிக் கேட்கிறேன். வால்யூமை முழுதாக ஏற்றினாலும் டிரம் அடுத்த அறையில் ஒலிப்பது போலத்தான் இருக்கிறது. நண்பரின் ஆம்ப்ளிஃபையரில் மாட்டியதும் அதே பதிவு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அங்கே சத்தமும் கூடுதல். சத்தம் கூடினாலே தரம் கூடியதாகக் காது ஏமாந்துவிடும் என்பதால், என் தீர்ப்பை நானே நம்பவில்லை.

அதே ஆம்ப்ளிஃபையரில் 16 ஓம் இயர்போனைச் செருகினால் வேறு தொல்லை. பாட்டு தொடங்குமுன்பே ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல். குமிழைத் துளி திருப்பினால் இடப்பக்கம் மட்டும் கேட்கிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் காது கிழிகிறது!

ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறிப்பு (அதன் வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள எதிர்ப்பு), ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பார்கள். அந்தக் கணக்கில் 16 ஓமுக்கு 2 ஓம்தான் எல்லை. இரண்டுக்கும் பொதுவாக, கெயின் சுவிட்ச் (எத்தனை மடங்கு பெருக்குவது என்று மாற்றும் சுவிட்ச்) உள்ள ஆம்ப்ளிஃபையர் ஒன்றே போதுமா? அல்லது இயர்போனை மடிக்கணினியிலேயே விட்டுவிடலாமா? மடிக்கணினி, ஆம்ப்ளிஃபையர் இரண்டிலும் ஒலியளவைச் சமமாக்கி ஒப்பிட்டவர்கள் இருந்தால், உண்மையில் என்ன வித்தியாசம் கேட்டது என்று சொல்லுங்கள். ‘மாயாஜாலம்’ என்ற சொல் மட்டும் வேண்டாம்.