ஓவர்சைஸ் ரிங்கை ராவிப் போடலாமா?

புதுக்கை:
68 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்துளை) உள்ள சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். லோடு ஏறினால் நீலப் புகை, ஆயிலும் குறைகிறது. கம்ப்ரஷன் குறைவு, ப்ளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டால் ஏறுகிறது. அதனால் கசிவு ரிங் பக்கம்தான் என்று வால்வை விட்டுவிட்டுப் பிஸ்டனைக் கழற்றினேன். போரில் வைத்துப் பார்த்தால் பழைய மேல் பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளி (இரு முனைகளுக்கும் நடுவே) 1.1 மி.மீ. இப்போது ஸ்டாண்டர்ட் செட் வாங்குவதா, 0.25 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் வாங்கி முனையை ராவிவிடுவதா? ராவினால் போதும் என்கிறான் நண்பன்.

லேத்துக்காரர்:
ராவாதீர்கள் தம்பி. கணக்கு என்னவோ உங்கள் நண்பர் பக்கம்தான்: விட்டத்தில் 0.25 கூடினால் சுற்றளவில் 0.78 கூடும், அதை ராவி எடுத்தால் இடைவெளி வந்துவிடும். ஆனால் வட்டம் வராது. அந்த ரிங் பெரிய போருக்காக வளைத்தது. சின்னதில் அமுக்கினால் அங்கங்கே சுவரைத் தொடாமல் நிற்கும், ஆயில் அந்த வழியாக ஏறும். போரைக் கடைந்து பெரிதாக்கி (ரீபோர்) பெரிய பிஸ்டன் போடுகிறவருக்குத்தான் ஓவர்சைஸ்.

1.1 என்பது ரிங் தேய்ந்ததா, போர் தேய்ந்ததா? அதுதான் கேள்வி. புது ஸ்டாண்டர்ட் ரிங்கைப் போரில் விட்டு, பிஸ்டன் தலையால் கோணாமல் தள்ளி, மேலே, நடுவில், அடியில் அதன் வாயில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். 25 மி.மீ. போருக்கு 0.1 என்பது பழைய கணக்கு, உங்களுக்கு 0.27 வாக்கில் வர வேண்டும். மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. போர் 0.1 தேய்ந்தால் இடைவெளி 0.31 கூடும். மேலுக்கும் அடிக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்தால் ரிங் காசு வீண், ரீபோர்தான்.

ஸ்பேனர்சாமி:
போர் தேறினாலும் ஹோன் அடிக்காமல் (சுவரைச் சாணைக்கல்லால் லேசாகச் சொரசொரப்பாக்காமல்) பூட்டாதீர்கள். வழவழத்த சுவரில் புது ரிங் படியாது. குறுக்குக் கோடு தெரிய லேசாக அடித்தால் போதும். வார்ப்பிரும்பு லைனருக்குத்தான் (சிலிண்டரின் உள்குழாய்) இது. நிக்கல் பூச்சு போர் என்றால் கை வைக்க வேண்டாம்.

லேத்துக்காரர்:
சாமி சொன்னது சரி. அடித்தபின் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் துடைத்தால் ஹோன் தூள் கோட்டுக்குள்ளேயே தங்கி, புது ரிங்கையே அரைக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத அளவுக்குக் கழுவி, உடனே ஆயில் தடவுங்கள். பிஸ்டன் பள்ளத்துக் கரியைச் சுரண்டப் பழைய ரிங்கின் உடைந்த துண்டு போதும்.

புதுக்கை:
நன்றி அண்ணே. புது ரிங் மேலே 0.32, அடியில் 0.28. தப்பித்தேன்! ஒன்று பளபளவென்று, ஒன்று கறுப்பாக இருக்கிறது. எது மேலே?

லேத்துக்காரர்:
பெரும்பாலும் பளபளப்பது குரோம், அது மேலே. பாக்கெட்டில் படம் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தோ புள்ளியோ இருக்கும் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும்; இரண்டாவதைத் தலைகீழாகப் போட்டால் ஆயிலை வழிக்காது, மேலே ஏற்றும். வாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கிலேயே விடாமல் கொஞ்சம் லோடு கொடுங்கள், ரிங் அப்போதுதான் படியும்.