மழுங்கிய பிரேக் நட், புதுப் பைப் முனை: வீட்டில் செய்த அனுபவம்

தலவாக்கலைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பழைய மாருதி 800 நிறைய ஓடுகிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து 2025 வரை, இருக்கிற வாகனத்தைத்தான் எல்லோரும் பார்த்துப் பார்த்து ஓட்டினோம். மழையும் தோட்டத்து ரோட்டுச் சேறும் அடியில் ஒட்டிக்கொண்டால் முதலில் துருப்பிடிப்பது பிரேக் பைப்பும் அதன் நட்டும்தான், அதிலும் பின் சக்கரத்தில் பிரேக் கட்டையைத் தள்ளுகிற வீல் சிலிண்டரில் இறுகுகிற நட்.

எங்கள் காரில் பின் இடது டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. பிரேக் ஒயில் டாங்கியிலும் அளவு இறங்கியிருந்தது. அடியில் போய்ப் பார்த்தால், முந்தி வேலை செய்த ஒரு கராஜில் சாதாரணத் திறந்த வாய் ஸ்பேனரைப் போட்டுத் திருகி நட்டின் ஆறு மூலையும் உருண்டு போயிருக்கிறது, பைப் நட்டுக்குள் நுழைகிற இடத்தில் கசிகிறது. இந்த நட்டுக்கு 10 மி.மீ. பிளேயார் நட் ஸ்பேனர்தான் போட வேண்டும். பைப் நுழைவதற்கு மட்டும் ஒரு வெட்டு விட்டு, மற்றப் பக்கம் எல்லாம் நட்டைச் சுற்றிப் பிடிக்கிற ஸ்பேனர் அது. அது இல்லாமல் பிரேக் பைப்பில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மழுங்கின நட்டைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். துரு இளக்குகிற ஒயில் அடித்து ஒரு இரவு ஊறவிட்டுத் திருகிப் பார்க்கலாம், ஆனால் நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுகுகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். முறுகினால் அந்தப் பைப் முடிந்தது. சூடு காட்டிக் கழற்றுவதும் வேண்டாம், பிரேக் ஒயில் தீப்பிடிக்கும். நான் பைப்பை நட்டுக்கு ஒட்டினாற்போல் அறுத்துவிட்டு, மிச்சம் நின்ற நட்டில் ஆறு மூலை சொக்கட்டை மெதுவாகத் தட்டி ஏற்றிக் கழற்றினேன். வீல் சிலிண்டரின் மரை தப்பியது.

அறுக்க முந்தி பிரேக் பெடலைக் கொஞ்சம் அமத்தி, ஒரு தடித் துண்டை சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிடுங்கள். பெடலை அமத்தும்போது ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் இறங்குகிற துவாரம் மூடிக்கொள்ளும், டாங்கி முழுக்க வடியாது. பின் பக்கம் ஜக் அடித்தால் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, முன் டயர் இரண்டுக்கும் கல் வைக்க வேண்டும். சமதரை கிடைக்காவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடவே வேண்டாம்.

இனி முனை அடிக்கிற வேலை, அதாவது பைப்பின் வாயை விரித்து மடிப்பது. பைப் 4.75 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். பழைய பைப் உள்ளுக்கும் துருப்பிடித்திருந்ததால் செம்பு நிக்கல் கலந்த பைப் வாங்கினேன், அது துருப்பிடிக்காது, கையாலும் வளையும். கட்டரால் நேராக வெட்டி, உள்ளே நிற்கிற பிசிறைச் சுரண்டி ஊதிவிட்டு, புது நட்டை முதலில் பைப்பில் போட்டுவிட வேண்டும், முனை அடித்த பிறகு நட் உள்ளே போகாது. பிளேயாரிங் கட்டையில் பைப்பை இறுக்கும்போது வெளியே நீட்டுகிற அளவு, பைப் வாயில் செருகுகிற சின்ன அச்சின் தோள் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். முதலில் அச்சைப் போட்டு அமத்தினால் முனை குமிழ் மாதிரி வரும், அப்புறம் அச்சை எடுத்துவிட்டுக் கூம்பால் அமத்தினால் அந்தக் குமிழ் உள்ளே மடிந்து இரட்டைச் சுவராக நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு முனை அடிக்க வேண்டும். ஐரோப்பிய வாகனங்களில் பெரும்பாலும் குமிழோடு நிற்கிற முனைதான் வரும், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது.

நட்டைக் கையாலேயே பல சுற்று ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனர். டெஃப்லோன் டேப் எதுவும் வேண்டாம், உலோகத்தில் உலோகம் அமர்ந்துதான் அது அடைக்கும். பிறகு மகன் பெடலில் இருக்க, நான் கீழே பிளீடரை, அதாவது காற்று வெளியேற்றுகிற சின்னத் திருகை, திறந்து மூடிக் காற்று எடுத்தோம். "அமத்திட்டேன் அப்பா" என்று சொன்ன பிறகுதான் திறப்பது, மூடி முடித்து நான் சொன்ன பிறகுதான் அவன் காலை எடுப்பது. கடைசியாக எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முழுப் பலத்தோடு அமத்திப் பிடித்து, நட்டைச் சுற்றி டிஷ்யூ வைத்துப் பார்த்தோம். ஈரமே இல்லை. முதல் ஓட்டம் விளையாட்டு மைதானத்தில்தான், பள்ளத்தில் இல்லை.

பண்டாரவளையில் இருந்து:
அண்ணா, நான் வாங்கின வேனில் பைப்பை நடுவில் அறுத்து, தண்ணீர்ப் பைப்புக்குப் போடுகிற மாதிரி வளையம் இறுக்கிற ஜொயின்ட் போட்டிருந்தார்கள். பெரகலை இறக்கத்தில் அதை வைத்துக்கொண்டா போய் வந்தேன் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. கராஜ் பாஸ் கழற்றிக் காட்டியபோது பைப் வளையத்துக்குள் நகர்ந்திருந்தது. முழுப் பைப்பையும் மாற்றிவிட்டேன். ஒரு கேள்வி: பக்கத்து வீட்டில் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரிடம் பிளேயாரிங் செட் இருக்கிறது, அது பாவிக்கலாமா?

தம்பிக்குப் பதில்:
வேண்டாம் தம்பி. பிரிட்ஜ், ஏசி வேலைக்கு இருக்கிற செட்டில் பெரும்பாலும் மடிக்காமல் ஒரே சுவராக விரிகிற ஒற்றை முனைதான் அடிக்கலாம், பிரேக் அழுத்தத்தில் அது வெடிக்கும். அந்தச் செம்புக் குழாயும் ஆகாது, அதிர்வில் நாளடைவில் கடினமாகி வெடிப்பு விடும். டவுனில் பைப் முனை அடித்துக் கொடுக்கிற கடை இருந்தால், பழைய பைப்பைக் கழற்றிக் கொண்டுபோய் அதே நீளத்துக்கு நட்டோடு அடித்து வாங்கலாம். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லுங்கள். டொட் 4 தர பிரேக் ஒயில் சீல் உடைக்காத சின்னப் போத்தலாக வாங்குங்கள், திறந்து வைத்தது நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சிவிடும். புதிதில் 230 பாகையில் கொதிக்கிற ஒயில் ஈரம் ஏறினால் 155க்கே கொதிக்கலாம், இறம்பொடைப் பக்கம் நீள இறக்கத்தில் பெடல் பஞ்சாகிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.