பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது எத்தனை நாளைக்கு?

நண்பர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு கற்கத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. தினமும் ஒரு மணி நேரம் கேட்கிறேன். வாய்தான் திறக்க மறுக்கிறது. முதல் மாதம் எல்லாமே இரைச்சல். 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் புத்தகத்தில் 'ழ நெ சே பா' என நான்கு சொற்கள்; காதில் விழுவதோ 'ஷேபா' என்று ஒரே விழுங்கல். அதைப் பிடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று. பிடிபட்ட அன்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

இந்த மௌனக் காலம் இயல்புதான் என்கிறார் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். புது மொழிச் சூழலுக்கு வரும் குழந்தைகள் சில மாதங்கள்கூடப் பேசாமல் இருப்பதுண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷரின் மொழி கற்பிக்கும் முறையிலும் 'எழுந்திரு', 'கதவைத் திற' போன்ற கட்டளைகளைக் கேட்டுச் செய்தால் போதும். பேசச் சொல்லி நெருக்குவதில்லை. என் ஆசிரியரோ தப்பானாலும் பேசு என்று விரட்டுகிறார். நான் காட்டுவது பொறுமையா, சோம்பலா என்று எனக்கே சந்தேகம்.

கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: பேச்சு தானாக வந்ததா, பிடித்து இழுத்தீர்களா? பாதி புரிந்த ஒலிப்பதிவையே திரும்பத் திரும்பக் கேட்டீர்களா, புதிது புதிதாகத் தேடினீர்களா? கேட்கும்போது எழுத்தையும் பார்க்கலாமா? முப்பது வயதுக்கு மேல் தொடங்கியவர்களின் அனுபவம் என்றால் இன்னும் நல்லது.